கடலோரக் கிணறுகளின் உப்பு

அடையாற்றிலும் திருமயிலையிலும் ஒரு தெருக் கிணற்றின் நீர் இனிப்பதும், மற்றொரு தெருக் கிணற்றின் நீர் உவர்ப்பதும் உண்டு. ஒரே மழையைப் பெறும் நிலத்தில் இவ்வேறுபாடு நேர்வது எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நிலத்தடி நீருக்கு உப்பு வரும் வழிகளுள் மூன்று முதன்மையானவை. முதலாவது வானம். அலைகள் உடையுங்கால் எழும் நுண்திவலைகளைக் காற்று நிலத்தின்மேற் கொணர, மழை அவற்றைக் கழுவி மண்ணிற் சேர்க்கின்றது. இரண்டாவது பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு சிறிது புளிப்புத்தன்மை எய்துகின்றது. அந்நீர், பரங்கிமலையில் நாம் காணும் சார்னகைட் போன்ற பாறைகளை மெல்ல அரித்து, கால்ஷியம், மக்னீஷியம், ஸோடியம் ஆகியவற்றின் உப்புக்களை ஏற்கின்றது. கோடையில் நீர் ஆவியாக, உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகின்றது. பின்னர்ப் பெய்யும் மழை அதனைக் கரைத்து, ஒரு பகுதியை அடையாற்றின் வழியே கடலுக்கு மீட்டும் அனுப்புகின்றது. இவ்விரண்டு வழிகளாலும் வரும் உப்பு பெரும்பாலும் சிறிதே.

மூன்றாவது வழியாகிய கடலே அஞ்சத்தக்கது. கடலோர மணலில் நன்னீர், கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் நன்னீர் 1 அடி நிற்பின், அதற்குக் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும் என்பது, கைபன், ஹெர்ஸ்பெர்க் என்னும் ஐரோப்பியர் இருவர் தனித்தனியே கண்ட விதி. ஆகவே, மேல்மட்டத்தை 1 அடி தாழ இறைப்போமாயின், காலப்போக்கில் கீழுள்ள உவர்நீர் 40 அடி மேலெழக்கூடும்.

அதன் விளைவு யாது? கடல்நீர் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உடையது. நன்னீரில் நூற்றுக்கு 2 பங்கு கடல்நீர் கலப்பினும், அதனால் மட்டுமே லிட்டருக்கு 700 மில்லிகிராம் உப்பு கூடும். குடிநீரிற் கரைந்துள்ள பொருள்கள் 500 மில்லிகிராமுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது இந்தியத் தர நிர்ணயம்.

இதற்கு மாற்று மழையே. சென்னையில் ஆண்டுக்கு ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழை பெய்கின்றது. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பொழிந்து தீர்கின்றது. 2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு கட்டிடந்தோறும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதன் பொருத்தம் இதனால் விளங்கும். மாடியில் விழும் நீரைத் தெருவில் ஓடவிடாது மண்ணில் இறக்குவோர், தம் கிணற்றை மட்டுமன்றி அண்டை வீட்டார் கிணற்றையும் காக்கின்றனர். அளவின்றி இறைப்போரோ இரண்டையும் கெடுக்கின்றனர். நிலத்தடி நீருக்கு மதில் இல்லை என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.