அயல்நாட்டுத் தொண்டுக்கு ஆயத்தம்: துமகூரு ஆய்வு தரும் பாடம்

வளர்முக நாடொன்றில் ஓரிரு ஆண்டுகள் தொண்டாற்ற விரும்பிப் பெங்களூருவிலிருந்து புறப்படும் இளம் மருத்துவரோ பொறியாளரோ முதலில் விசாரிப்பது விசா, தடுப்பூசி, உதவித்தொகை ஆகியவற்றைப் பற்றியே. இவை வேண்டியவைதாம்; எனினும் சில வாரங்களில் முடிந்துவிடுபவை. செல்லுமிடத்து மக்கள் தங்கள் இடர் தீர இதுவரை என்ன செய்து வந்திருக்கிறார்கள் என்பதை அறியும் ஆயத்தமே நாட்படுவது. பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் அதுவே. அது விடுபட்டால் நேரக்கூடிய இழப்பு எத்தகையது என்பதைக் காட்டும் நிகழ்ச்சியொன்று பெங்களூருவிலேயே உண்டு. அதில் உதவி பெறும் நாடாக இருந்தது இந்தியா.

நோயாளியைத் தேடிய கதை

1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு, காசநோய் நகரங்களைப் போலவே கிராமங்களிலும் பரவியிருப்பதை வெளிப்படுத்தியது. மருத்துவமனைப் படுக்கைகளோ மிகச் சில. இந்நிலையில் உலக சுகாதார நிறுவனம், யூனிசெப் ஆகியவற்றின் உதவியுடன் பெங்களூருவில் தேசியக் காசநோய் நிலையம் 1959இல் நிறுவப்பட்டது. 1960 செப்டம்பரில் பிரதமர் நேரு அதனைத் திறந்து வைத்தார். கிராமங்களில் சிதறிக் கிடக்கும் நோயாளிகளைக் கண்டறிவது எவ்வாறு என்பதே அந்நிலையத்தின் முன்னிருந்த வினா. கிராமத்தார் அறியாமையில் உழல்பவர், மூடநம்பிக்கை மிக்கவர், தாமாக மருத்துவரை நாட மாட்டார் என்பது அந்நாளில் படித்தவரிடையே நிலவிய கருத்து. அக்கருத்து மெய்யாயின் நடமாடும் எக்ஸ்-ரே வண்டிகளை ஊர் ஊராக அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை.

நிலையத்தின் சமூகவியல் பிரிவைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும், உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டிக் ஆண்டர்சனும் அக்கருத்தையே சோதனைக்கு உட்படுத்தினர். துமகூரு மாவட்டத்தில் எக்ஸ்-ரே சோதனையில் நோய்க்குறி காணப்பட்டவர்களையும், ஒப்புநோக்குதற்காக நோய்க்குறி இல்லாதவர்களையும் வீடு தேடிச் சென்று விசாரிக்கச் செய்தனர். 1963இல் வெளிவந்த முடிவு பலரை வியப்பில் ஆழ்த்தியது. நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் தம் உடற்கோளாற்றை உணர்ந்திருந்தனர்; அதனைக் குறித்துக் கவலையும் கொண்டிருந்தனர். அவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஏற்கெனவே நவீன மருத்துவ நிலையங்களை நாடிச் சென்று வந்தவர்கள்.

சென்றவர்க்குக் கிடைத்தது என்ன? பெரும்பாலும் இருமல் மருந்து. கூலியை இழந்து, தொலைவு நடந்து, வரிசையில் நின்ற மனிதர் சளிப் பரிசோதனையின்றியே திருப்பி அனுப்பப்பட்டார். நோயும் அவருடன் வீடு திரும்பியது. அறியாமை இருந்ததென்றால், அது மருந்து கொடுக்கும் மேசைக்கு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கேட்கத் தோன்றுகிறது.

இதனால் திட்டத்தின் போக்கே மாறியது. விலை மிகுந்த வண்டிகளைக் காட்டிலும், இருக்கின்ற சுகாதார நிலையங்களில் ஒரு நுண்ணோக்கியும் அதனைக் கையாளப் பயின்ற ஒருவரும் இருப்பதே முதல் தேவை என்பது தெளிவாயிற்று. வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு காசநோயைக் குணப்படுத்த இயலும் என்பதைச் சென்னைச் சேத்துப்பட்டு ஆய்வு 1959இலேயே நிறுவியிருந்தது. இவ்விரண்டும் 1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டத்திற்கு அடிப்படையாயின. மருந்துத் தட்டுப்பாடு, சிகிச்சையை இடையில் நிறுத்துதல் ஆகிய குறைகளால் அத்திட்டம் எதிர்பார்த்த பயனை அளிக்காமற்போனது வேறு செய்தி. 1990களில் அது திருத்தியமைக்கப்பட்டது.

இந்தியக் காசநோய்ப் பணியில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் 1951 முதல் 1961 வரை ஈடுபட்டிருந்த டென்மார்க் மருத்துவர் ஹாப்டன் மாலர், பின்னர் 1973 முதல் 1988 வரை அந்நிறுவனத்தின் தலைமை இயக்குநராக விளங்கினார். ஆரம்ப சுகாதாரப் பணியை முன்னிறுத்திய 1978ஆம் ஆண்டு அல்மா-ஆட்டா மாநாடு அவர் காலத்தில் கூடியதே. பத்தாண்டுகள் ஒரே நாட்டில் தங்கிக் கற்றவர் அவர் என்பது கருதத்தக்கது.

புறப்படுமுன்

தொண்டர்க்குப் பத்தாண்டுகள் வாய்ப்பதில்லை. 1961 முதல் 1976 வரை இந்தியாவில் பணியாற்றிய அமெரிக்காவின் பீஸ் கோர் தொண்டர்களின் தவணை பொதுவாக இரண்டாண்டுகளே. ஆகவே புறப்படுமுன் பல வாரங்கள் இந்திய மொழியொன்றில் அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. மும்பையை அடுத்த விக்ரோலியில் பணியாற்றிய லில்லியன் கார்ட்டர் தம் 68ஆம் வயதில் வந்தவர். செவிலியர் தொழிலைக் கைவரப் பெற்றவர். மாறாக, கல்லூரியிலிருந்து நேரே வந்த பட்டதாரிகள், தலைமுறை தலைமுறையாக உழுதவர்க்கு வேளாண்மை கற்பிக்க முற்பட்ட நிலையும் இருந்தது.

1970இல் ஐ.நா. பொதுச்சபையின் தீர்மானத்தால் தோன்றிய ஐ.நா. தொண்டர் திட்டத்தில் வளர்முக நாட்டவரே பிற வளர்முக நாடுகளுக்குச் செல்லும் வாய்ப்பு அமைந்தது. இந்தியாவிலிருந்து செல்பவர், வறுமையைத் தாம் அறிவோம் என்ற துணிவில் ஆயத்தத்தைச் சுருக்கிக்கொள்வதுண்டு. இது தவறான துணிவு. மண்டியாவின் பாசன முறை மலாவியின் மழைநம்பிய வயலுக்குப் பொருந்துவதன்று.

எனவே புறப்படுமுன் ஒரு மாதமேனும் அண்டை மாவட்டத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் வெளிநோயாளர் பிரிவிலோ, கிராமப் பள்ளியிலோ, பால் கூட்டுறவுச் சங்கத்திலோ அமர்ந்திருப்பது நல்ல பயிற்சியாகும். அங்கே ஆலோசனை கூறலாகாது. வருபவர் இதற்குமுன் எங்கெங்கே சென்று வந்தார், அங்கே என்ன கிடைத்தது என்பவற்றை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். செல்லும் நாட்டின் மொழியில் இவ்விரு வினாக்களையும் கேட்கவும், விடையைப் புரிந்துகொள்ளவும் பயின்றால், தொடக்கத்திற்கு அதுவே போதிய மொழியறிவு. தம்முடன் பணியாற்றப் போகும் அந்நாட்டு அலுவலர் யார் என்பதை முன்கூட்டியே கேட்டறிவதும் இன்றியமையாதது. அத்தகையவர் எவரும் இல்லையெனின், தொண்டர் திரும்பியதும் பணி நின்றுபோகும்.

அலுவல் சார்ந்தவை சிலவே. மஞ்சள் காய்ச்சல் பரவிய ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளுக்குச் செல்பவர் குறைந்தது 10 நாட்களுக்கு முன் அரசு அங்கீகரித்த மையத்தில் ஊசி போட்டுச் சான்றிதழ் பெறல் வேண்டும். அஃதின்றித் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படக் கூடும். மருத்துவக் காப்பீடு, திரும்பும் பயணச் செலவு, இடையில் பணி முடிவுற்றால் பொறுப்பு யாருடையது ஆகியவை ஒப்பந்தத்தில் எழுத்து வடிவில் இருத்தல் நன்று.