பேனா பிடித்த பேபி

புனே அருகே சாங்வி இருக்கிறது. தில்லி அருகே குருகிராமம் இருக்கிறது. இரண்டும் வேகமாக வளர்ந்த ஊர்கள். பிழைப்புத் தேடி வந்த பலர் இப்படிப்பட்ட ஊர்களில் வாழ்கிறார்கள். ஆண்கள் கட்டட வேலைக்குப் போகிறார்கள். பெண்கள் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பாத்திரம் தேய்க்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், சமைக்கிறார்கள்.

அப்படி குருகிராமத்தில் வீட்டு வேலை செய்த ஒரு பெண் புத்தகம் எழுதினார். அவர் பெயர் பேபி ஹால்தார். அந்தப் புத்தகம் நாவல் போல ஓடுகிறது. ஆனால் அது கற்பனைக் கதை அல்ல. அவருடைய சொந்த வாழ்க்கை.

பத்துப் பைசா

பேபி 1973-ஆம் ஆண்டு பிறந்தார். மேற்கு வங்காளத்தில் வளர்ந்தார். அப்பா கோபக்காரர். வீட்டுக்குச் சரியாகப் பணம் தரமாட்டார். அம்மா பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை. ஒரு நாள் சிறுமி பேபியின் கையில் பத்துப் பைசாவை வைத்தார். வீட்டை விட்டுப் போய்விட்டார்.

வீட்டில் சோறு இல்லாத நாட்கள் உண்டு. ஒரு நாள் அதைப் பள்ளித் தோழியிடம் பேபி சொல்லிவிட்டாள். அப்பா காதில் அது விழுந்தது. பேபிக்கு அடி விழுந்தது. பசித்தது குற்றம் அல்ல. பசியை வெளியே சொன்னதுதான் குற்றமாகிவிட்டது!

பேபிக்குப் பள்ளிக்கூடம் பிடிக்கும். ஆனால் படிப்பு பாதியில் நின்றது. பன்னிரண்டு வயதில் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளை 14 வயது மூத்தவர். விளையாட வேண்டிய வயதில் பேபி தாயானாள். அடுத்தடுத்து மூன்று குழந்தைகள். கணவனும் அடித்தார். ஒரு முறை கல்லால் தலையை உடைத்தார்.

1999-இல் பேபி ஒரு முடிவு எடுத்தார். மூன்று குழந்தைகளோடு தில்லிக்கு ரயில் ஏறினார்.

தூசி தட்டிய அலமாரி

குருகிராமத்தில் வேலை கிடைத்தது. கடைசியாகப் பிரபோத் குமார் என்பவர் வீட்டுக்கு வந்தார். அவர் ஓய்வு பெற்ற பேராசிரியர். புகழ்பெற்ற இந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன். வீடு முழுக்கப் புத்தகங்கள்.

பேபி தினமும் புத்தக அலமாரியைத் துடைப்பார். வங்காளிப் புத்தகம் கண்ணில் பட்டால் கை நின்றுவிடும். எடுத்துப் புரட்டுவார். பேராசிரியர் இதைக் கவனித்தார். கோபப்படவில்லை. தஸ்லிமா நஸ்ரின் தன் சிறு வயதைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தார். படிக்கப் படிக்க, அது தன் கதை போலவே பேபிக்குத் தோன்றியது.

பிறகு ஒரு நோட்டும் பேனாவும் கொடுத்தார். தினமும் ஒரு பக்கமாவது உன் வாழ்க்கையை எழுது என்றார். பேபிக்குப் பயம். எழுதிப் பல வருடம் ஆகியிருந்தது. எழுத்துகள் மறந்திருந்தன. பிழைகள் வந்தன. பிழை வந்தால் வரட்டும், எழுதுவதை நிறுத்தாதே என்று அவர் ஊக்கம் கொடுத்தார்.

வேலை முடிந்தபின், குழந்தைகள் தூங்கியபின், பேபி எழுதினார். மனத்தில் பூட்டி வைத்த துயரம் நோட்டில் இறங்கியது. பாரம் குறைந்தது.

இருட்டும் வெளிச்சமும்

பேராசிரியர் அதை இந்தியில் மொழிபெயர்த்தார். 2002-இல் ‘ஆலோ ஆந்தாரி’ என்ற புத்தகம் வெளிவந்தது. ‘வெளிச்சமும் இருட்டும்’ என்று பொருள். 2006-இல் ஆங்கிலத்தில் வந்தது. பல மொழிகளுக்கும் போனது. அதன் ஒரு பகுதி, பதினோராம் வகுப்பு இந்திப் பாடநூலிலும் இடம் பெற்றது. பள்ளியைப் பாதியில் விட்டவர் எழுதியதைப் பள்ளிப் பிள்ளைகள் படித்தார்கள்.

பேபி யாரையும் திட்டுவதற்காக எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினார். அடி வாங்கியவர் வெட்கப்பட வேண்டியதில்லை என்பதை அந்தப் புத்தகம் காட்டியது.

தெரிந்துகொள்ளுங்கள்

• குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. அடிப்பது மட்டும் குற்றம் அல்ல. கேவலமாகப் பேசுவது, செலவுக்குப் பணம் தராமல் வதைப்பது ஆகியவையும் இதில் அடங்கும்.
• பெண்ணுக்கு 18 வயதுக்கு முன் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம்.
• உதவி கேட்கப் பெண்கள் 181 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். குழந்தைகளுக்கு 1098.
• வீட்டு வேலை செய்வோருக்காக மகாராஷ்டிரத்தில் 2008-இல் நலவாரியச் சட்டம் வந்தது.

சொல் அறிவோம்

தன்வரலாறு – ஒருவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதுவது
ஊக்கம் – முயற்சி செய்யத் தூண்டும் தைரியம்
வன்முறை – அடித்தும் மிரட்டியும் துன்புறுத்துவது

கலந்து பேசுங்கள்

1. பசியை வெளியே சொன்னதற்குப் பேபியை அப்பா அடித்தார். ஏன்?
2. வீட்டுக்குள் நடக்கும் அடிதடி அந்த வீட்டு விஷயம் மட்டும்தானா? பக்கத்து வீட்டார் என்ன செய்யலாம்?
3. பிரபோத் குமார் புத்தகத்தைப் பிடுங்கி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எழுதிப் பாருங்கள்

உங்கள் சிறு வயதில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். பிழை வந்தால் பயப்படாதீர்கள். பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.