சுவடி பதிப்பிக்கும் இளம் ஆய்வாளருக்கு



புதுச்சேரியில் சுவடிப் பதிப்பில் இறங்குபவர் முதலில் பழக வேண்டியது, ஏட்டில் இருப்பது எது, தாம் ஊகித்தது எது என்று பிரித்து எழுதுவதுதான். பழைய தமிழ் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது, எகரமும் ஏகாரமும் வேறுபடா, துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே ஒவ்வொரு சொல்லும் படித்தவரின் தீர்மானமாகவே அச்சேறுகிறது. பிற படிகளில் காணும் மாற்று வாசகங்களை, அதாவது பாடபேதங்களை, அடிக்குறிப்பில் கொடுத்துவிட்டால், பதிப்பாசிரியர் தவறியிருந்தாலும் பின்வருபவர் கண்டு திருத்த வழியிருக்கும். வெளிப்படையான ஆய்வு என்று இன்று புதிதாகப் பேசப்படுவது சுவடிக்காரர்களுக்குப் பழைய சங்கதி.

1955இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் என். ஆர். பட் பல படிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த, ரௌரவாகமம் என்னும் வடமொழிச் சைவ நூலின் முதல் தொகுதி 1961இலும் மூன்றாம் தொகுதி 1988இலும் வெளிவந்தன. இத்தகைய உழைப்பை எடைபோட, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளில் உள்ளது ஒரு மதிப்பெண் அட்டவணை: மொழித் துறைகளில் கட்டுரை ஒன்றுக்கு 10, உள்நாட்டுப் பதிப்பகம் வெளியிட்ட நூலுக்கும் அதே 10. இதழின் தாக்கக் காரணி, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்னும் கணக்கு, உயர்ந்தால் கட்டுரையின் மதிப்பெண்ணும் உயரும். இதழின் புகழைக் கட்டுரையின் தரமாகக் கொள்ளலாகாது என்று 2012இல் எழுந்த சான் பிரான்சிஸ்கோ பிரகடனத்தில், பிரெஞ்சு நிறுவனத்தைத் தாங்கும் அமைப்புகளுள் ஒன்றான பிரான்சின் தேசிய அறிவியல் ஆய்வு மையம் 2018இல் கையொப்பமிட்டது. காலாப்பட்டில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் பணிக்கு விண்ணப்பிப்பவரோ அட்டவணையைத்தான் நிரப்ப வேண்டும். ஒரே ஊரில் இரண்டு அளவுகோல்.

அட்டவணையை நொந்துகொண்டு பயனில்லை. அதற்காக ஒரு பதிப்பை ஐந்து கட்டுரைகளாகக் கூறுபோடுவது அதைவிட மோசம். கேட்ட கட்டங்களை நிரப்பிய பிறகு, தனித்தாள் ஒன்றில், எந்தெந்தச் சுவடிக் கட்டுகள் பார்க்கப்பட்டன, எத்தனை ஏடுகள் முறிந்திருந்தன, பெயர்த்தெழுதிய கோப்புகள் யாரும் எடுத்துப் பார்க்கும்படி எங்கே வைக்கப்பட்டுள்ளன, பிறர் சுட்டிய எந்தப் பிழைகள் திருத்தப்பட்டன என்று எழுதி இணைப்பது நல்லது. தேர்வுக் குழுவினர் அதைப் புரட்டாமலே விடலாம். ஒருவர் ஐயுற்றுப் புரட்டினால், பதிவெண்ணைச் சொல்லி செயின்ட் லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு நிறுவனத்திலேயே அந்தக் கட்டை அவிழ்த்துப் பார்க்க அவரால் முடியும்.