புது வீடும் காட்டு நெருப்பும்



வேலை முடிந்து தோட்ட வீட்டைக் காலி செய்கிற நம் மக்கள் சிலர், சேமநிதிப் பணத்தைப் போட்டு ஒரு துண்டு நிலம் வாங்கி, ரப்பர் காட்டு ஓரத்திலோ செம்பனை ஓரத்திலோ சொந்த வீடு கட்டுகிறார்கள். நல்ல காரியம். கிணறு, கரண்டு, வாசல் பார்க்கும் திசை என்று எல்லாவற்றையும் விசாரிக்கிறார்கள். நெருப்பைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை.

"மழை கொட்டுகிற நாட்டில் என்னா காட்டு நெருப்பு?" என்பீர்கள். பகாவ் பக்கம் மலைத்தொடருக்கு மறைவில் இருப்பதால் நமக்கு மழை குறைவு. பக்கத்துப் பாசோ காட்டில் பல வருஷமாக ஆராய்ச்சி செய்தவர்கள் கண்ட அளவு, ஆண்டுக்கு 1,800 மில்லிமீட்டர் போல. நாட்டின் பல இடங்களில் 2,000-க்கு மேல் பெய்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் ரப்பர் மரம் இலையைக் கொட்டுகிறதே, அந்த மாதங்களில்தான் வெயிலும் காய்கிறது. காலுக்குக் கீழே சருகு அப்பளம் மாதிரி நொறுங்கினால், ஒரு சிகரெட்டுத் துண்டு போதும்.

சில வருஷத்துக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம், ஓய்வு பெற்ற பால்மரத் தொழிலாளி ஒருவரைக் காரில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். புது வீட்டின் பின்னால் லாலாங் புல்லை வெட்டிக் குவித்திருக்கிறார். அடியில் ஈரம், பற்றவில்லை. மோட்டார் சைக்கிள் பெட்ரோலை ஊற்றிவிட்டு, தீப்பெட்டி எடுக்க உள்ளே போனார். திரும்பி வந்து குச்சியைக் கிழித்தார். பெட்ரோல் தரையில் கிடந்தாலும் அதன் ஆவி ஆளைச் சுற்றி நிற்கும், கண்ணுக்குத் தெரியாது. குச்சியைக் கிழித்த கணமே முகமும் இரண்டு கையும் வெந்துபோயின. தீ லாலாங்கில் ஓடிப் பாதி கட்டிய அடுப்படியையும் தின்றது. "குப்பையைத்தான் ஐயா கொளுத்தினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் மனைவி, "வீடு போனா போவுது ஐயா, கை வருமா?" என்று கேட்டார். உயிர் பிழைத்தது. முப்பது வருஷம் மரம் வெட்டிய அந்த விரல்கள் இன்றும் சரியாக மடங்குவதில்லை.

லாலாங்கை எரித்தால் ஒழியாது. அதன் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும், நெருப்புக்குப் பின் பச்சையாக எழும்பி வரும். கிழங்கோடு தோண்டி எடுங்கள், அல்லது அடிக்கடி தரையோடு வெட்டி, மேலே நிழல் தரும் பயிர் வையுங்கள். திறந்த வெளியில் எரிப்பது 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றமும்கூட. அபராதம் உண்டு, ஐந்து வருஷம் வரை சிறையும் உண்டு.

அடுத்த தோட்டத்தில் நெருப்பு என்றால், அது சுவர் மாதிரி வந்து வீட்டைப் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் முன்னால் வருவது காற்றில் பறக்கும் தீப்பொறி. அது கூரை ஓரத் தகரத்தில் சேர்ந்த சருகில் விழும். சிங்குக்கும் பலகைக்கும் இடையில் உள்ள சந்தில் நுழையும். வீட்டை ஒட்டி அடுக்கிய விறகில் உட்காரும். ஆகவே சுவரைச் சுற்றி ஐந்தடிக்கு மண்ணோ கல்லோ சிமெண்டோதான் இருக்க வேண்டும். சருகு, பிளாஸ்டிக் நாற்காலி, உரச்சாக்கு எதுவும் அங்கே வேண்டாம். விறகும் கோழிக்கூடும் முப்பதடி தள்ளி இருக்கட்டும். கூரைச் சந்துகளைச் சிமெண்டாலோ, கண் சிறிய கம்பி வலையாலோ அடையுங்கள். கேஸ் சிலிண்டர் அருகில் புல் வளர விடாதீர்கள். கரண்டு போனால் பம்பு ஓடாது, ஆகவே ஒரு டிரம் தண்ணீரும் வாளியும் வெளியில் இருக்கட்டும். டிரம்மை மூடித்தான் வையுங்கள், இல்லாவிட்டால் டெங்கிக் கொசுவை நீங்களே வளர்த்தவர்கள் ஆவீர்கள்.

காட்டை வெட்டிக் குடியேறுவது பகாவுக்குப் புதிதல்ல. ஜப்பான்காரன் காலத்தில், 1943 இறுதி முதல், சிங்கப்பூரிலிருந்து யூரேசியர்களையும் சீனக் கத்தோலிக்கர்களையும் இங்கே கொண்டுவந்தார்கள். மலேரியாவில் நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டார்கள். அவர்களோடு வந்த டெவால்ஸ் என்ற பிஷப்பும் மண்வேலையில் பட்ட காயத்தில் கிருமி ஏறி, 1945 ஜனவரியில் இறந்தார். இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தீக்காயத்தில் மண் ஒட்டினாலும் அதே ஆபத்துத்தான். டெட்டனஸ் ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று டிரசரிடம் சொல்லுங்கள்.

சுட்டுவிட்டால் முதல் மருந்து குழாய்த் தண்ணீர். இருபது நிமிஷம், கடிகாரம் பார்த்து, ஓடும் தண்ணீரில் பிடியுங்கள். வீங்குவதற்கு முன் வளையல், மோதிரம், கயிற்றைக் கழற்றுங்கள். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம். ஐஸ், பற்பசை, கிச்சாப்பு, மாவு எதுவும் வேண்டாம். கிச்சாப்பு பூசிக்கொண்டு வருகிறவர்களுக்கு அதைக் கழுவுவதற்கே அரை மணி ஆகிறது, வலி அவர்களுக்குத்தான். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடுங்கள். முகம், கை, மர்மப் பகுதி என்றாலோ, புகையை உள்ளே இழுத்துக் குரல் கம்மினாலோ, என்னிடம் வந்து காத்திருக்க வேண்டாம், நேரே ஜெம்போல் மருத்துவமனைக்குப் போங்கள்.

புகையும் லேசான சங்கதி அல்ல. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக் குறியீடு 746-க்கு ஏறி, அங்கே அவசரகாலம் அறிவித்தார்கள். 300-க்கு மேல் போனாலே ஆபத்து. குறியீடு 100-ஐத் தாண்டினாலே இழுப்புள்ள பிள்ளைகளையும் வயசானவர்களையும் உள்ளே வையுங்கள், இழுப்பு மருந்து கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஈரத் துணியை மூக்கில் கட்டினால் நுண்ணிய புகைத் தூள் நிற்காது.

இன்னொன்று. 999-க்குப் போன் செய்கிறவர் பலர், "தோட்டத்துக்கு உள்ளே, கோயிலுக்குப் பின்னால" என்கிறார்கள். எந்தக் கோயில் என்று பொம்பாக்காரருக்கு எப்படித் தெரியும்? தோட்டத்தின் பெயர், டிவிசன், எத்தனையாங்கட்டையில் திரும்ப வேண்டும், கேட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, இந்த நான்கையும் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டி, வீட்டுப் பிள்ளைகளை மலாயில் ஒரு தரம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். லாரி நுழைகிற அகலத்துக்கு வழி இருக்கிறதா என்பதை, வேலிக்கால் நடுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.