ஊடகப் பாடத்தை மீட்டுவது எப்படி?

சாதாரண தரப் பரீட்சைக்குத் “தொடர்பாடலும் ஊடகக் கற்கையும்” பாடத்தை எடுத்திருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களைப் பெற்றவர்களுக்குமாக இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

“ஆய்வுகூடம் வேணாம், டியூசன் காசு வேணாம், லேசான பாடம்” என்று யாராவது சொல்லித்தான் பல பிள்ளைகள் இதைத் தெரிவு செய்கிறார்கள். காசு விஷயம் சரி. லேசு என்பதுதான் சரியில்லை. குறிப்புக் கொப்பியை வரிக்கு வரி மனப்பாடம் செய்துகொண்டு போகிற பிள்ளை, வினாவைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டதும் பேனையைக் கடித்துக்கொண்டு முழிக்கிறது. சாதாரண தரத்தில் ஒரு திறமைச் சித்தி கூடுவதும் குறைவதும், உயர்தரத்துக்குப் போவதா வீட்டில் நிற்பதா என்பதையே தீர்மானித்துவிடலாம். அதனால் இந்தப் பாடத்தை லேசாக எடுக்க வேண்டாம்.

நாங்கள் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தப் பாடத்துக்கு வேண்டிய உதாரணங்களில் பாதி உங்கள் தோட்டத்திலேயே கிடக்கின்றன. புத்தகத்துச் சொல்லை உங்கள் கண் கண்ட விஷயத்தோடு சேர்த்துப் படியுங்கள். மறக்காது, எழுதவும் வரும்.

1. ஐந்து கேள்விகள்

அமெரிக்க அறிஞர் ஹரோல்ட் லாஸ்வெல் 1948 இல் தொடர்பாடலை ஐந்து கேள்விகளாகப் பிரித்தார். யார் சொல்கிறார்? என்ன சொல்கிறார்? எந்த வழியாகச் சொல்கிறார்? யாருக்குச் சொல்கிறார்? என்ன விளைவு?

இதைப் பெரட்டுக் களத்தில் வைத்துப் பாருங்கள். காலையில் கங்காணி, “இன்னிக்கு ஏழாம் நம்பர் மலை” என்கிறார். சொன்னவர் கங்காணி, அவர் அனுப்புநர். எந்த மலை என்பது செய்தி. நேருக்கு நேர் பேசும் பேச்சு வழி. கேட்டு நிற்கும் தொழிலாளர்கள் பெறுநர். எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஏழாம் நம்பருக்கு நடப்பது விளைவு.

அப்போது ஒரு அக்கா, “அங்க அட்டை கூடங்க, சவர்க்காரம் குடுங்க” என்று திருப்பிச் சொன்னால், அது பின்னூட்டல். லாஸ்வெல்லின் ஐந்து கேள்விகளில் பின்னூட்டலுக்கு இடமில்லை. அதனால்தான் அதை ஒருவழி மாதிரி என்கிறோம். 1954 இல் வில்பர் ஷ்ராம் காட்டிய மாதிரியில் இருவரும் மாறி மாறிச் சொல்கிறார்கள், மாறி மாறிக் கேட்கிறார்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கேட்டால் இந்தப் பெரட்டுக் காட்சியையே உதாரணமாக எழுதலாம்.

2. இரைச்சல் என்றால் சத்தம் மட்டுமல்ல

ஷனன், வீவர் என்ற இருவரின் மாதிரியில் “இரைச்சல்” என்று ஒரு சொல் வரும். மழையிலும் காற்றிலும் ஒரு மலையிலிருந்து மறு மலைக்குக் கூப்பிட்டால் பாதி காதில் விழாது. அது இரைச்சல். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆனால் சத்தமே இல்லாத தடையும் உண்டு. தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவருக்குச் சிங்களத்தில் மட்டும் ஒரு கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கடிதம் கைக்கு வந்துவிட்டது, செய்தி வந்து சேரவில்லை. இது மொழித் தடை. 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொன்னது. சட்டம் வந்த பிறகும் இப்படிக் கடிதம் வந்தால் தடை நீங்கவில்லை என்றுதான் பொருள். “தொடர்பாடல் தடைகளை விளக்குக” என்ற வினாவுக்கு இது நல்ல உதாரணம்.

3. தப்பும் ஊடகம்தான்

பாரம்பரிய ஊடகம் என்றதும் புத்தகத்தில் உள்ளதை மட்டும் எழுதிவிட்டு நிறுத்த வேண்டாம். தப்புச் சத்தத்தைக் கேட்டவுடனே, அது கலியாண வீடா சாவு வீடா என்று நம் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். அடி மாறினால் செய்தி மாறும். எழுத்தும் இல்லை, மின்சாரமும் இல்லை, ஆனால் லயம் முழுக்கச் செய்தி போய்ச் சேருகிறது. காமன் கூத்தும் அப்படித்தான். கதையையும் நம்பிக்கையையும் பாட்டாலும் ஆட்டத்தாலும் அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கிறது. தாத்தா பாட்டி இருந்தால் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

4. ஆண்டுகளைக் குடும்பமாகப் பிடியுங்கள்

தனித்தனியாகப் படித்த ஆண்டு பரீட்சை மண்டபத்தில் காற்றாய்ப் பறந்து போகும். வகை பிரித்து, முன் பின் வரிசையில் படியுங்கள்.

பத்திரிகை: 1832 இல் “கொழும்பு ஜேர்னல்” ஆங்கிலத்தில் வந்தது. 1841 இல் யாழ்ப்பாணத்தில் “உதயதாரகை” வந்தது. 1924 இல் கோ. நடேசய்யர் “தேசபக்தன்” பத்திரிகையைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளரின் கஷ்டத்தை அச்சில் ஏற்றிய இவர், 1936 இல் ஹட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். 1930 இல் “வீரகேசரி”யும் 1932 இல் “தினகரன்” பத்திரிகையும் வந்தன.

வானொலி: 1925 இல் கொழும்பில் ஒலிபரப்பு தொடங்கியது. 1967 இல் அது கூட்டுத்தாபனமாக மாறியது. 1989 இல் நுவரெலியா மாவட்டத்திலேயே கொத்மலை சமூக வானொலி உருவானது. “சமூக வானொலிக்கு உதாரணம் தருக” என்றால் தூரத்துக்குப் போக வேண்டியதில்லை.

தொலைக்காட்சி: 1979 இல் சுயாதீன தொலைக்காட்சி, 1982 இல் ரூபவாஹினி. வானொலி வந்து 54 வருசம் கழித்துத்தான் நாட்டுக்கு டிவி வந்தது என்று ஞாபகம் வைத்தால், ஒன்று மறந்தாலும் மற்றதைக் கொண்டு பிடித்துவிடலாம்.

சட்டம்: 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அரச நிறுவனங்களிடம் தகவல் கேட்கும் உரிமையை இது மக்களுக்குத் தருகிறது.

5. திகதியைப் பார்க்காமல் செய்தியை நம்பாதீர்கள்

ஊடக அறிவு என்ற பகுதி பரீட்சைக்கும் வேண்டும், வீட்டுக்கும் வேண்டும். சம்பள விஷயத்தையே எடுப்போம். 2024 மே 1 ஆம் திகதி கொட்டகலை மேதினக் கூட்டத்தில், அப்போதைய ஜனாதிபதி நாட்சம்பளம் 1,700 ரூபா என்று அறிவித்தார். ஜூலை மாதத்தில் உயர் நீதிமன்றம் அந்த வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பரில் 1,350 ரூபா என்று வேறு வர்த்தமானி வந்தது. மூன்றும் உண்மைச் செய்திதான். ஆனால் மே மாதச் செய்தியை ஒருவர் செப்டம்பரில் போனில் அனுப்பி, அதைத் திகதி பார்க்காமல் நம்பிக் கடையில் கடன் வாங்கினால் கஷ்டம் நமக்குத்தான்.

ஆகவே எந்தச் செய்தி வந்தாலும் யார் சொன்னது, எப்போது சொன்னது, வேறு எங்கே வந்திருக்கிறது என்று பாருங்கள். அறிவிப்பு வேறு, வர்த்தமானி வேறு, கைக்கு வரும் காசு வேறு. இந்த வித்தியாசத்தை எழுதத் தெரிந்த பிள்ளை ஊடகப் பாடத்தை விளங்கிப் படித்த பிள்ளை.

6. விடை எழுதும் முறை

சொல்லு, விளக்கு, உதாரணம் கொடு. இந்த மூன்று படியும் வேண்டும். “வானொலியின் சிறப்பியல்பு ஒன்றை விளக்குக” என்பது வினா என்றால், “வானொலி மிகவும் பயனுள்ள ஊடகம்” என்ற விடைக்குப் புள்ளி கிடைப்பது கஷ்டம். இப்படி எழுதிப் பாருங்கள்:

“வானொலி செவிப்புல ஊடகம். ஆகவே வாசிக்கத் தெரியாதவரையும் அது சென்றடையும். வேலை செய்துகொண்டே கேட்கவும் முடியும். உதாரணமாக, மண்சரிவு எச்சரிக்கை வானொலியில் சொல்லப்பட்டால், அடுப்படியில் நிற்பவரும் உடனே கேட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போகலாம்.”

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்காது. எச்சரிக்கை காதில் விழுந்தால் மட்டும் போதாது. போவதற்கு இடமும் வழியும் இருந்தால்தான் அந்தச் செய்திக்கு விளைவு உண்டு. லாஸ்வெல்லின் ஐந்தாவது கேள்வி எவ்வளவு பெரியது என்பது இதிலே விளங்கும்.

7. பெற்றோருக்கு

“எனக்கே படிப்பு இல்ல, நான் எப்படி சொல்லிக் குடுக்கிறது?” என்று பின்வாங்க வேண்டாம். இந்தப் பாடத்துக்கு நீங்கள்தான் நல்ல பரீட்சகர். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையை ஒரு விடையை வீட்டுப் பேச்சில் சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்கவில்லை என்றால், “என்ன உதாரணம் புள்ள?” என்று கேளுங்கள். உதாரணம் வரவில்லை என்றால் அந்தப் பகுதியை மறுபடி படிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொம்பளப் பிள்ளை பாடசாலையால் வந்ததும் தண்ணி, விறகு, தம்பி தங்கச்சி என்று எல்லா வேலையும் அவள் தலையில் விழுகிறது. பரீட்சைக்கு முந்திய இரண்டு மாதமாவது அண்ணன்மாரும் அப்பாவும் அதில் பாதியைப் பங்குபோடுங்கள். தினம் ஒரு மணித்தியாலம் அவளுக்குக் கிடைத்தால், அது எந்த டியூசனையும் விடப் பெரிய உதவி.

8. கடைசி நான்கு வாரம்

முதல் வாரம் தொடர்பாடல் மாதிரிகளும் தடைகளும். இரண்டாம் வாரம் ஊடக வரலாறு. மூன்றாம் வாரம் சட்டமும் ஊடக அறிவும். நான்காம் வாரம் கடந்த கால வினாத்தாள்கள் மட்டும். பல்தேர்வு வினாவில் விடைகளைக் கையால் மூடிவிட்டு, முதலில் உங்கள் விடையைச் சொல்லிப் பாருங்கள். எழுத்து வினாவை மணிக்கூட்டைப் பார்த்து எழுதுங்கள். கண்ணால் வாசித்தது படித்ததாகத் தோன்றும். கையால் எழுதினால்தான் எது தெரியும், எது தெரியாது என்று வெளியாகும்.

பயிற்சி வினாக்கள்

அ. உங்கள் தோட்டத்தில் நடக்கும் ஒரு தொடர்பாடலை லாஸ்வெல்லின் ஐந்து கேள்விகளின்படி பிரித்து எழுதுக.

ஆ. தொடர்பாடல் தடைகள் இரண்டை உதாரணத்துடன் விளக்குக.

இ. சமூக வானொலிக்கும் தேசிய வானொலிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றைத் தருக.

ஈ. போனில் வந்த ஒரு செய்தியைச் சரிபார்க்கும் படிமுறைகளை எழுதுக.

இந்த வினாக்களுக்கு விடை எழுதி உங்கள் பாட ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். பக்கத்து லயத்திலும் இதே பாடம் படிக்கும் பிள்ளை இருந்தால், இந்தப் பக்கத்தை அந்தப் பிள்ளைக்கும் கொடுங்கள்.