விண்மீனுக்குப் பெயரிடுதல்

பிறந்தநாளுக்கும் மணநாளுக்கும் நன்கொடையாக ஒரு விண்மீனையே வழங்கலாமெனக் கூறும் விளம்பரங்களை அன்பர் பலர் கண்டிருப்பர். பணஞ் செலுத்தியவர் விரும்பும் பெயர் ஒரு விண்மீனுக்குச் சூட்டப்பெறும். அதன் வானிடத்தைக் காட்டும் படமும் அழகிய அத்தாட்சிப் பத்திரமும் தபாலில் வந்து சேரும். 1970களின் இறுதியில் அமெரிக்காவில் தலையெடுத்த இவ்வணிகம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. வாங்குவோர் எல்லோரும் விளையாட்டாக வாங்குவோரல்லர். மகவை இழந்த பெற்றோரும் தந்தையைப் பறிகொடுத்த பிள்ளைகளும் அவருள் உளர். ஆதலின் அப்பத்திரத்தின் பெறுமதி யாதென ஆராய்தல் தகும்.

விண்பொருள்களின் பெயர்களை வரையறை செய்வது 1919இல் நிறுவப்பெற்ற சர்வதேச வானியற் சங்கமாகும். வானத்தின் 88 மண்டலங்களை 1922இல் ஏற்றுக்கொண்டு, அவற்றின் எல்லைகளை 1930இல் வெளியிட்டதும் அதுவே. விண்மீன்களின் தனிப்பெயர்களை ஆராய்தற்கென 2016இல் அது ஒரு குழுவை அமைத்தது. நம் பஞ்சாங்கத்துப் பரணியும் ரேவதியும் 2017இல் அக்குழுவின் பட்டியலில் இடம்பெற்றன. சங்கம் பெயர்களை விற்பதில்லை. பிறர் விற்ற பெயர்களை ஏற்பதுமில்லை. ஒரே விண்மீனை இரு நிறுவனங்கள் இருவேறு பெயரில் விற்பினும் தடுப்பார் இலர். 1998இல் நியூயோர்க் நகரின் நுகர்வோர் திணைக்களம் இத்தகைய நிறுவனமொன்றின் விளம்பரம் மக்களை மயக்குவதெனக் குற்றஞ்சாட்டியது.

பெயரை நிலைநிறுத்துதல் அரசர்க்கும் எளிதாயிருந்ததில்லை. 1781இல் தாம் கண்ட புதிய கோளுக்கு இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் பெயரையே ஹேர்ஷல் சூட்டினார். பிறநாட்டார் அதனை விரும்பவில்லை. இன்று அக்கோள் யுரேனஸ் என்றே வழங்குகின்றது.

மன்னருக்குக் கிட்டாதது ஓர் உதவியாளருக்குக் கிட்டியமை வியப்பேயாம். சிசிலித் தீவின் பலேர்மோ வானாய்வகத்தில் பியாற்சி என்பாரின் உதவியாளராயிருந்தவர் நிக்கொலோ கச்சியத்தோரே. வேடன் என்னும் பொருளுடைய அவர் குடும்பப்பெயரை இலத்தீனில் எழுதினால் முழுப்பெயர் நிக்கொலாஸ் வெனேற்றர் என்றாகும். 1814இல் வெளிவந்த பலேர்மோ அட்டவணையில், ஓங்கில் மண்டலத்து இரு விண்மீன்கள் சுவலோசின், ரோற்றனெவ் என்னும் விளங்காப் பெயர்களுடன் தோன்றின. அறிஞர் நெடுங்காலம் மூலந் தேடித் திகைத்தனர். எழுத்துக்களைப் பின்னிருந்து முன்னாகப் படித்தபோதே உதவியாளரின் பெயர் வெளிப்பட்டது! அக்குறும்பு இருநூறாண்டு வழக்கிலிருந்தமையின் 2016இல் சங்கமும் அதனை ஏற்றது. அவ்விரு விண்மீன்களும் நாம் அவிட்டம் என்று வழங்கும் கூட்டத்தைச் சேர்ந்தனவே. எனவே பெயர் நிலைபெறுவது வானியலார் கையாளும் வழக்கினால் என்க.

பொதுமக்கள் பெயரிட முறையான வாய்ப்பும் உண்டாயிற்று. 2019இல் சங்கம் நாடுதோறும் ஒரு விண்மீனையும் அதனைச் சுற்றும் கோளையும் ஒதுக்கிப் பெயர்களை வரவேற்றது. இலங்கைக்குரிய விண்மீன் சாமய எனவும், கோள் சமகிய எனவும் பெயர்பெற்றன. சமாதானம், ஒற்றுமை என்பன அச்சிங்களச் சொற்களின் பொருள். பொருளிற் குறைகாண யாதுமில்லை.

பத்திரம் வாங்கியவர் ஏமாந்தவரென நகைத்தல் முறையன்று. பத்திரத்திலுள்ள வானிடக் குறிப்புச் செம்மையாயின், அங்கே உண்மையாகவே ஒரு விண்மீன் இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தென்படுபவை வானம் முழுவதிலும் ஏறக்குறைய 9,000 மட்டுமே. விற்கப்படுபவை பெரும்பாலும் தொலைகாட்டியின்றிக் காணவியலா மங்கிய மீன்கள். துயருற்றவர் ஒருவர் அப்பத்திரத்துடன் வருவாராயின், தொலைகாட்டி உடையோர் அவ்விடத்தை நோக்கிக் காட்டுதலே நன்று. சங்கத்தின் விதிகளை அவர் கேட்டாலன்றி அவ்வேளையில் விளக்க வேண்டியதில்லை.

காசின்றி வழங்கத்தக்க நினைவுப்பொருளொன்றும் வானில் உண்டு. ஒளி ஓராண்டிற் கடக்கும் தொலைவு ஓர் ஒளியாண்டு. அபிஜித்து என நம் முன்னோர் கூறிய வேகா 25 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. ஆகவே வெள்ளிவிழாக் காணும் தம்பதியர் இன்று அதனிடத்துக் காணும் ஒளி, அவர் மணவறையில் அமர்ந்த காலத்திற் புறப்பட்டதாகும். சுவாதியின் ஒளிக்கு 37 ஆண்டுகளும், புனர்பூசத்து இரு மீன்களுள் கஸ்ரரின் ஒளிக்கு 51 ஆண்டுகளும் ஆகும். மகத்தின் தலைமீன் ஒளி 79 ஆண்டுகள் பயணஞ் செய்தது. தந்தை மறைந்து 25 ஆண்டானோர்க்கும் வேகாவின் ஒளி அவ்வாறே பொருந்தும். ஒன்றிரண்டு ஆண்டு முன்பின்னாயினும் குற்றமில்லை.

கல்லூரியை விட்டு நீங்கி 65 ஆண்டுகளான மூத்த பழைய மாணவர் ரோகிணியை நோக்குக. தை மாத முன்னிரவில் அது உச்சிக்கு அண்மையில் நிற்கும். அதன் செந்நிறமே அதனை அடையாளங் காட்டும்.