விசில் ஊதியவரும் திருத்திக்கொள்ளலாம்



நம் கிளைப் பெண்களின் காற்பந்து ஆட்டத்துக்கு ஒருமுறை நான் நடுவர். பந்து கையில் பட்டதை நான் கவனிக்கவில்லை. "அக்கா, கையில பட்டுச்சு!" என்று இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எனக்கும் சந்தேகம்தான். பக்கத்துக் கோட்டில் நின்ற உதவி நடுவரைக் கேட்டிருக்கலாம். "சொன்னா சொன்னதுதான்" என்று விட்டுவிட்டேன். மானம் போய்விடுமோ என்ற பயம்.

2023 ஆகஸ்டு 20, சிட்னி. மகளிர் உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்பெயினும் இங்கிலாந்தும் மோதின. நடுவர் அமெரிக்காவின் டோரி பென்சோ. இங்கிலாந்து வீராங்கனையின் கையில் பந்து பட்டது. முதலில் அவர் பெனால்டி தரவில்லை. காணொளி நடுவர் அழைத்ததும் திரையில் நிதானமாகப் பார்த்தார். பிறகு 75,000 பேருக்குமேல் கூடியிருந்த அரங்கில், மைக்கில் அறிவித்துப் பெனால்டி கொடுத்தார். யாரும் அவரை மட்டமாக நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. அதற்காக அவர் தயங்கவில்லை.

அந்தப் பெனால்டியைக் கோல்காவலர் தடுத்துவிட்டார். ஆனாலும் தீர்ப்பு சரியானதே. கடமை நம்முடையது, பலன் நம் கையில் இல்லை என்று கீதை வகுப்பில் படிக்கிறோமே, அது இதுதான்.

காற்பந்து விதி ஒன்று உண்டு: ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், அதற்கு முந்தைய முடிவை நடுவர் பொதுவாக மாற்ற முடியாது. திருத்த நினைப்பவர் அதற்குள் திருத்த வேண்டும்.

சிந்திக்க: வீட்டிலோ நட்பிலோ, நீங்கள் இன்னும் திருத்தாத முடிவு எது? ஆட்டம் தொடங்குமுன் பேசிவிடுங்கள்.